கடந்தை விஷமும் என் வீட்டுக்காரர் காலும்

"அக்கா, உங்களை எத்தனை தடவை கொட்டியிருக்கு?" என்று சுபா போன மாதம் போனில் கேட்டாள். ஏழு தடவை என்றேன். நான்கு தடவை கையில், இரண்டு தடவை கழுத்தில், ஒரு தடவை செத்துப்போன கடந்தைக் குளவி கொட்டியது. செத்தது எப்படிக் கொட்டும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே அது நடந்திருக்கிறது.

சுபா இப்போது துறைத் தலைவி. நான் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்த அதே கல்லூரியில், அதே துறையில், ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். துறைக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்களாம். இப்போதெல்லாம் விஷத்தைப் பூச்சியிலிருந்து எடுப்பதே இல்லை. விஷத்தில் உள்ள எந்தப் புரதத் துண்டு வேண்டுமோ அதன் எழுத்து வரிசையை மெயிலில் அனுப்பினால், கம்பெனிக்காரர்கள் செய்து, பொடியாக அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் கடந்தையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். "கையால எடுத்த காலத்தைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்றாள். அதை எழுதுகிறேன். கூடவே இன்னொன்றையும் எழுதுகிறேன். அதை எழுத என் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

நான் படித்தது ரத்தம், சிறுநீர் சோதிக்கும் டிப்ளமா. கொஞ்ச நாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் இருந்தேன். பிறகு இந்தக் கல்லூரி. கல்யாணம், வில்லாபுரத்தில் வீடு, இரண்டு பிள்ளைகள், தினம் இரண்டு பஸ். முதல் பத்து வருடம் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கிரேஸ் மேடம் துறைக்கு வந்த பிறகுதான் வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது.

மேடத்தின் அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தக் கண்டிப்பு மேடத்திடம் இருந்தது, ஆனால் குரல் உயராது. லேப்புக்குள் உட்கார மாட்டார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி மேசை மேசையாக வருவார். நாம் என்ன காட்டினாலும் முதலில் "ம்" என்பார். அடுத்தது ஒரே கேள்விதான்: "கண்ட்ரோல் எங்கே?"

கண்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் ஜோடி. மருந்து போட்டது ஒன்று, போடாதது ஒன்று. மற்ற எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜோடி இல்லாமல் எதைக் காட்டினாலும் மேடம் பார்க்கக்கூட மாட்டார், நகர்ந்துவிடுவார்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை, மருந்துக்கு அடங்காமல் போன கிருமிகளைக் கொல்ல இயற்கையில் என்ன இருக்கிறது என்று தேடுவது. பூச்சிக்கும் செடிக்கும் நம்மைப்போல டாக்டர் கிடையாது. கிருமி தாக்கினால் அவை தங்கள் உடம்பிலேயே சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைச் செய்துகொள்கின்றன. அவற்றுக்குத்தான் பெப்டைடு என்று பெயர். மணி கோத்த மாதிரி பத்து, இருபது அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிச் சங்கிலி. அது கிருமியின் மேல்தோலில் போய்க் குத்தி ஓட்டை போடும், கிருமி கசிந்து செத்துப்போகும். குளவி விஷத்தில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. பெரிய குளவியை எங்கள் பக்கம் கடந்தை என்போம்.

கடந்தைக் கூடு கொண்டுவந்து கொடுத்தவர் கீழக்குயில்குடி பாண்டி அண்ணன். தோட்டங்களில் தேங்காய் பறிக்கும் வேலை. மரத்தில் கூடு இருந்தால் தோட்டக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்ந்து எல்லாம் கூட்டுக்குள் அடங்கிய பிறகு, மழைக்கோட்டு மாட்டி, முகத்தில் கொசுவலை சுற்றி ஏறுவார். கூட்டோடு சாக்கில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, காலையில் முதல் பஸ்ஸில் கொண்டுவருவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பெட்டியில் என்ன என்று கேட்டால், "மீனு" என்பாராம்.

பெட்டியை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்து, ஒவ்வொன்றாக எடுத்து லென்சுக்கு அடியில் வைப்பேன். இடது கையால் வயிற்றுப் பக்கத்தை மெல்ல அழுத்தினால் கொடுக்கு வெளியே நீளும். அதை இடுக்கியால் பிடித்து, அவசரப்படாமல், நேராக இழுக்க வேண்டும். கொடுக்கோடு விஷப்பையும் வரும், குருணை அரிசி அளவில். கொஞ்சம் சாய்த்து இழுத்தால் பை கிழிந்து குடலும் சேர்ந்து வந்துவிடும், அந்தப் பூச்சி வீண். பையைக் குளிர்ந்த நீர்ச் சொட்டில் வைத்து ஊசியால் குத்துவேன். செத்த பிறகும் கொடுக்கின் தசை துடிக்கும், அதுதான் கொட்டுவது. ஒரு கூட்டுப் பூச்சிகள் எல்லாவற்றையும் முடிக்க இரண்டு பகல் ஆகும். சுத்திகரித்து உலர்த்திய பிறகு குழாயின் அடியில் மிஞ்சுவது, கண்ணாடியில் மூச்சு பட்டது போல ஒரு மங்கல், அவ்வளவுதான்.

முதல் வெற்றி வெற்றியே இல்லை. விஷத்தில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்க ஒரு கருவி உண்டு. அதில் பிரித்த ஒவ்வொன்றையும், கிருமி தடவிய பிளேட்டில் சின்னக் குழி தோண்டிச் சொட்டு விட்டோம். மறுநாள் காலை பார்த்தால், மூன்று குழிகளைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவாக வட்டம் விழுந்திருந்தது. சுபா குதித்தாள். வீட்டுக்குப் போன் போட்டு சௌராஷ்டிர மொழியில் மூச்சு விடாமல் பேசினாள். நானும் கேசரி வாங்கி வந்துவிட்டேன்.

மேடம் வந்தார். "ம்" என்றார். "கண்ட்ரோல் எங்கே?"

"வெறும் தண்ணி வச்சிருக்கோம் மேடம். அதுல வட்டம் இல்ல" என்றாள் சுபா.

"தண்ணி இந்தக் கருவிக்குள்ள போயிட்டு வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"விஷம் போயிட்டு வந்திருக்கு. கருவியில ஆசிட் கலக்குறோம். அது முழுசா உலர்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்? ஒன்னும் போடாம வெறும் கருவியை ஓட்டு. அதுல வர்றதை உலர்த்தி, அதையும் சொட்டு விடு."

விட்டோம். வெறும் ஆசிட்டுக்கும் அதே வட்டம் விழுந்தது. கிருமியைக் கொன்றது மிச்சமிருந்த ஆசிட். ஒரு வாரச் சந்தோஷம் போயிற்று. பிறகு ஒவ்வொன்றையும் மூன்று முறை கழுவி உலர்த்திப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு குழிகளில் வட்டம் மறைந்தது. ஒன்றில் மட்டும் நின்றது. சின்ன வட்டம்தான், ஆனால் நிஜம். மேடம் அன்றைக்கு ஸ்கேல் வைத்துத் தானே அளந்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அந்த ஒரு குழியில் இருந்த பெப்டைடுதான் அடுத்த இரண்டு வருடம் எங்கள் சோறு. பதினான்கு மணி கொண்ட சங்கிலி. ஆஸ்பத்திரியிலிருந்து, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, மருந்துக்கு அடங்காத கிருமிகளை அனுப்புவார்கள். புண்ணில் வரும் ஸ்டாஃப் என்ற கிருமி அதில் முக்கியம். எங்கள் பெப்டைடு அதை அரை மணிக்குள் கொன்றது. ஆட்டு ரத்தத்தில் கலந்து பார்த்தபோது ரத்த அணுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சுபா எழுதியிருந்தாள். கட்டுரை தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் காலில் புண் வந்தது.

அவர் பெயர் ராஜாங்கம். செல்லூரில் விசைத்தறி ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். தறிக்கு அடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சர்க்கரை நோய் ஏற்கனவே இருந்தது. இன்சுலின் போட்டுக்கொள்வார். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. பட்டறையில் ஒரு இரும்புச் சுருள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. சாக்ஸில் ஈரம் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கப் போனது நான். அந்த மாதிரி ரிப்போர்ட்டை ஆயிரக்கணக்கில் எழுதியவள் நான். மேலே கிருமியின் பெயர், கீழே வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது. மேலே இருந்தது ஸ்டாஃப். கீழே ஆர், ஆர், ஆர் என்று இறங்கியது. அடியில் இரண்டே இரண்டு எஸ். ஒன்று சிறுநீரகத்தைப் பிடிக்கும், அவருக்கு ஏற்கனவே அது பலவீனம்.

டாக்டர் நேராகப் பேசினார். "மிச்சமிருக்கிற ஊசியைப் போடுவோம். ஆனா கடைசி ரெண்டு விரல்ல ரத்த ஓட்டமே இல்ல, எடுக்கணும். திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க. தள்ளிப் போட்டா அடுத்து பாதத்தை எடுக்கச் சொல்லுவேன்."

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு அவர் சொன்னார்: "விரலை எடுக்க விடமாட்டேன்."

"ரெண்டு விரல்தாங்க."

"இன்னைக்கு ரெண்டும்பான். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னான். முழங்கால் வரைக்கும் போச்சு." கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க லேப்புல இந்தக் கிருமி அரை மணியில சாகுதுன்னு சொன்னேல்ல?"

அந்த நினைப்பு எனக்கு ஆஸ்பத்திரியிலேயே வந்துவிட்டது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஃப்ரீசர் சாவி என்னிடம்தான் இருக்கும். சுபா வீட்டுக்குப் போன பிறகு, எங்கள் பெப்டைடு உறைந்திருந்த ஒரு குழாயை எடுத்தேன். டிபன் பாக்ஸில் ஐஸ் போட்டு அதற்குள் வைத்தேன். ரெஜிஸ்டரில் எழுதவில்லை. எடுத்ததை எழுதாமல் அந்த அறையை விட்டு வெளியே வந்தது அன்று ஒரு நாள்தான். காலியான சின்னக் கண்ணாடிக் குழாய்கள் இரண்டையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். அதை எதற்கு எடுத்தேன் என்று யோசித்து எடுக்கவில்லை, கை எடுத்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கட்டை அவிழ்த்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, புண்ணைச் சலைனால் கழுவினேன். குழாயில் உறைந்திருந்தது உருகி, ஒரு சொட்டுக் கண்ணீர் மாதிரி அடியில் நின்றது. அதை இன்சுலின் ஊசியில் உறிஞ்சிக் கையில் பிடித்துவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு" என்றார்.

என்னால் முடியவில்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். ஜோடி இல்லாமல் எதையும் செய்து பழக்கமில்லை, அதுதான்.

"ஒரு பத்து நிமிசம் இருங்க. முதல்ல உங்க ரத்தத்துல பாத்துருவோம்."

சர்க்கரை பார்க்கும் ஊசியால் அவர் விரலைக் குத்தினேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களிலும் சலைன் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் குலுக்கினேன். இரண்டும் ஒரே மாதிரி, தக்காளி ரசம் போலக் கலங்கலாக இருந்தன. ஒன்றில் வெறும் சலைன் சில சொட்டு. இன்னொன்றில் அதே அளவு எங்கள் மருந்து, புண்ணுக்கு எந்த வீரியத்தில் போட நினைத்தேனோ அதே வீரியத்தில். இரண்டையும் ஜன்னலோரம் வைத்தேன்.

நான்கைந்து நிமிடத்தில் மருந்து விட்ட குழாய் மாறத் தொடங்கியது. கலங்கல் போய்க்கொண்டே வந்தது. பத்தாவது நிமிடம், ரோஸ் மில்க் எசன்ஸைத் தண்ணீரில் கரைத்தது போல, கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த பேப்பரை அதற்குப் பின்னால் பிடித்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுதே. இதுல தெரியல" என்று மற்றதைக் காட்டினார். "அப்ப மருந்து வேலை செய்யுதுல்ல?"

"இல்லைங்க. ரத்தம்னா கலங்கலாத்தான் இருக்கணும். உள்ள அணு முழுசா இருந்தா எழுத்தை மறைக்கும். எழுத்து தெரியுதுன்னா அணு அம்புட்டும் உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"என் ரத்தத்தையுமா கொல்லுது?"

"கிருமியோட தோலுக்கும் உங்க அணுவோட தோலுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியல. இருக்கிற சதையையும் தின்னுரும்."

அவர் இரண்டு குழாய்களையும் கையில் வாங்கினார். தறியின் உதிரிப் பாகத்தைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் இயந்திரக்காரர். கண்ணால் பார்த்ததை நம்புவார். குழாய்களை என்னிடம் கொடுத்துவிட்டு, "கட்டைப் போட்டு விடு. சட்டையை எடு. திங்கக்கிழமை எதுக்கு, இன்னைக்கே போவோம்" என்றார்.

அன்று சாயங்காலமே சேர்த்தார்கள். மறுநாள் காலை இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் மயக்கம் தெளியும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் செய்ய இருந்தது என்ன என்று எனக்கு உறைத்தது. அந்த ஊசியை அழுத்தியிருந்தால் புண் கறுத்திருக்கும். அவரும் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் நாலு நாள் காத்திருப்பார். பாதம் போயிருக்கும்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பினாலும் போகத் தயாராகத்தான் போனேன்.

மேடம் முழுவதும் கேட்டார். "எத்தனை மைக்ரோலிட்டர்?" என்றார்.

சொன்னேன்.

"கண்ட்ரோல் வச்சியா?"

"வச்சேன் மேடம்."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "எடுத்தது திருட்டு, செல்வி. அதை நான் எழுத்துல குடுக்கணும். ஃப்ரீசர் சாவி இனி சுபாகிட்ட இருக்கும்" என்றார். பிறகு மேசையிலிருந்த லேப் நோட்டை என் பக்கம் தள்ளினார். "நீ பார்த்ததையும் எழுது. எடுத்ததிலிருந்து, நேரத்தோட, ஒன்னு விடாம."

அழுதுகொண்டே எழுதினேன். மெமோ வந்தது. ஒரு வருடம் சாவி என்னிடம் இல்லை. அது நியாயம்தான்.

இரண்டு நாள் கழித்து மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "உங்க ரத்தத்துல பார்த்த டெஸ்ட், எங்க நோட்டுல இருக்கு. நீங்க வேணாம்னா அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்ட மாட்டேன்."

"இருக்கட்டும்மா. பேரு போடுவீங்களா?"

"போட மாட்டோம்."

"போட்டாலும் பரவாயில்ல" என்றார் அவர்.

அந்தப் பக்கத்தைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு சுபா தன் கணக்கைத் திரும்பப் பார்த்தாள். ஆட்டு ரத்தத்தில் அவள் சோதித்தது மிகக் குறைந்த வீரியம். முறையாகக் கமிட்டி அனுமதி வாங்கி, மனிதர்களிடம் ரத்தம் வாங்கி, புண்ணுக்குத் தேவையான வீரியத்தில் செய்தபோது அதேதான் நடந்தது. கட்டுரையை நிறுத்தினார்கள். சுபா ஒரு வாரம் லேப்புக்கு வரவில்லை. வந்ததும் என்னிடம்தான் வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அது கிருமிக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியாம குத்துதுல்ல. வித்தியாசம் தெரியுற மாதிரி மாத்த முடியாதா?" என்றாள்.

அதற்கு வழி பாதி சங்குப்பூவிலிருந்து வந்தது. மேடம் வீட்டுக் காம்பவுண்டில் படர்ந்த கொடி. அதன் விதையிலும் கிருமியைக் கொல்லும் பெப்டைடு உண்டு. செடியிலிருந்து வந்ததால் சாது என்று நினைத்துவிடக் கூடாது, அதிலும் சில ரத்த அணுவை உடைத்தன. ஆனால் ஒரு விசேஷம் இருந்தது. கொதிக்க வைத்தாலும் கெடவில்லை. காரணம், அந்தச் சங்கிலிக்கு நுனி இல்லை. இரண்டு முனையும் சேர்ந்து வளையமாக இருந்தது. கடந்தைச் சங்கிலி நேராக இருப்பதால் புண்ணில் ஊறும் நீர் அதை நுனியிலிருந்து தின்றுவிடும். சுபா கடந்தைச் சங்கிலியைச் சங்குப்பூ மாதிரி வளையமாக்கினாள். பிறகு மணிகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஒன்றை மாற்றினால் கிருமி சாகவில்லை. இன்னொன்றை மாற்றினால் அணு உடைந்தது. அப்படியே வருடங்கள் போயின. மேடம் ஓய்வு பெற்றார். அவர் போகும் மாதத்தில்தான், கிருமி செத்து, ரத்தம் ஒரு நாள் முழுக்கக் கலங்கலாகவே நின்ற முதல் குழாயைப் பார்த்தோம். மேடம் "ம்" என்றார். கண்ட்ரோலைச் சுபாவே எடுத்து நீட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு நானும் ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரர் புண் நாலு மாதத்தில் ஆறியது. அடியில் மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்போடு இன்றும் பட்டறைக்குப் போகிறார். தினமும் சாயங்காலம் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

மலருக்கு எழுதச் சொன்ன அன்று சுபா இன்னொரு செய்தியும் சொன்னாள். வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வளையத்தை எலிகளுக்குப் போட்டுப் பார்க்கிறார்களாம். புண் மூடுகிறதாம், ரத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம். என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து கை கழுவும்போது அவரிடம் சொன்னேன்.

"எலிக்கும் சுகரா?" என்றார்.

"சுகர் வர வச்சுத்தான் பாப்பாங்க."

"பாவம்." சோப்பை நுரைக்கத் தேய்த்தார். "மனுசனுக்கு வர எம்புட்டு நாளாகும்?"

"எல்லாம் சரியா வந்தா பத்துப் பன்னெண்டு வருசம். வராமலும் போகலாம்."

"என் வயசுக்காரன் எவனுக்கும் ஆகாது. எங்க சந்துல தறி ஓட்டுறவனுகளுக்கு இப்ப முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். டீக்கு மூணு கரண்டி சீனி போடுறானுக, சொன்னாக் கேக்க மாட்டேங்கிறானுக." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "அவனுகளுக்கு ஆகும். சுபாவை வேகமாப் பண்ணச் சொல்லு."

வேகமாகச் செய்யக் கூடாத வேலை அது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலையில் போன் போட்டு, சுபாவிடம் அதை அப்படியே சொன்னேன்.